லால்குடி வரை போன பத்ரி யாத்திரை

அன்புள்ள ராஜு,

பதினான்கு லோகங்களையும் பள்ளிக்கூட அட்லஸின் மேல் ஆள்காட்டி விரலால் வலம் வந்தவனும், இமயமலையைச் சாக்குக்கட்டியால் கரும்பலகையில் எழுப்பி, மணியடித்ததும் டஸ்டரால் தரைமட்டமாக்கியவனும், ஸ்ரீரங்கத்தின் ஏழு பிராகாரங்களிலும் கைக்குழந்தை முதல் கோயில் யானை வரை 'பத்ரி மாமா' என்று அறியப்பட்டவனுமாகிய உன் அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று அடுத்த வரி வர வேண்டும். முப்பது வருஷமாக யாருக்குக் கடிதம் எழுதினாலும் அந்த வரி தானாக வந்து விழும். இந்தத் தடவை பேனா நின்றுவிட்டது. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. ஆனால் உன் அப்பாவின் முகத்தை இப்போது நீ பார்த்தால், ஊர்வலத்தின் நடுவில் வேஷ்டி அவிழ்ந்த மனிதன் எப்படி இருப்பானோ அப்படி இருக்கும். பதினாறு வருஷமாக அவிழ்ந்துதான் இருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்து நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன்.

உன் கடிதம் போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. கூடத்தில் நின்று, அம்மாவையும் ஜானகியையும் உட்காரவைத்து, சட்டசபையில் பட்ஜெட் வாசிப்பவன் மாதிரி உரக்கப் படித்தேன். பிலாயில் உனக்கு குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, இரண்டு அறை, சமையலறைக்குள்ளேயே குழாய், வாசலில் ஒரு வேப்பங்கன்று என்று நான் படித்தபோதே ஜானகியின் கண் ஊறுகாய் ஜாடியைத் தேடிப் போயிற்று. எதில் சுற்றினால் ரயிலில் உடையாது என்று அவள் யோசித்திருப்பாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். ஜானகி இரண்டு வருஷம் ஸ்ரீரங்கத்திலேயே இருக்கட்டும், லீவு கிடைக்கும்போதெல்லாம் நீ தனியாக மலை மலையாக, ஊர் ஊராகச் சுற்றப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். 'அப்பா எழுதியதுதான். திரும்பிப் பார்க்கிறவன் பயணி அல்லன். இதை ஜானகிக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் புரிந்துகொள்வாள்' என்று முடித்திருந்தாய். உங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாசம் ஆகிறது.

வெட்கக்கேடு எது தெரியுமா? நான் எடுத்துச் சொன்னேன். அந்தக் குழந்தையை உட்காரவைத்து ஒரு மணி நேரம் உபந்நியாசம் பண்ணினேன். என்னுடைய 'வழிநடைச் சாத்திரம்' என்கிற மகா காவியத்தை அவளுக்கு விளக்கினேன். மாதவன் என்கிற குமாஸ்தா ஒருநாள் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பி பத்ரிநாத் வரைக்கும் போகிறான், ஒவ்வொரு ஊரும் எப்படி வாழ வேண்டும் என்பதில் ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கிறது, கடைசியில் பனிமலையடியில் அவனுக்கு உண்மை விளங்குகிறது, அந்த உண்மையைத்தான் ராஜு பிடித்துக்கொண்டிருக்கிறான், நீ கொடுத்துவைத்தவள் என்றெல்லாம் அளந்தேன். அவள் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து, நான் ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். முழுக்கப் படித்துவிட்டாளாம்.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா? மாதவனோட ஆத்துக்காரி பன்னண்டாம் பக்கத்துல குழந்தையை இடுப்புல வச்சிண்டு வாசல்ல நிக்கறா. அப்புறம் அவ என்ன ஆனா? எங்கேயாவது வருமான்னு கடைசி வரைக்கும் பார்த்தேன்."

பிரின்சிபால்களும் புரொபசர்களும் அந்தப் புத்தகத்தைப் பற்றி என்னிடம் எவ்வளவோ கேட்டிருக்கிறார்கள். ஆத்மா என்றால் என்ன, பற்றறுப்பது சாத்தியமா என்றெல்லாம் கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இந்தப் பெண் இப்படிக் கேட்டதும், காப்பி குடித்தாயோ அம்மா என்று கேட்டுவிட்டுப் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தப் பன்னிரண்டாம் பக்கம் என் மார்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதை உன்னிடம் இறக்கிவைத்தால்தான் நீ எடுத்திருக்கிற முடிவு எதன் மேல் நிற்கிறது என்று உனக்குத் தெரியும்.

நீ அப்போது இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாய். கோடை விடுமுறையில் பத்ரிக்குப் போகப் போகிறேன் என்று நான் அறிவித்தேன். ஏன் அறிவித்தேன் என்றால், ஆசிரியர்கள் அறையில் ஒருவர், ஊர் ஊராகப் பாடம் நடத்துகிறீரே, எந்த ஊரையாவது பார்த்திருக்கிறீரா என்று கேட்டுவிட்டார். வகுப்பில் வோல்காவையும் மிஸிஸிப்பியையும் தினம் இரண்டு தடவை தாண்டுகிற நான், கொள்ளிடத்துக்கு வடக்கே கால் வைத்ததில்லை. சொன்னது சொல்லியாகிவிட்டது. நம் ஊரில் ஒருவன் பத்ரிக்குக் கிளம்புகிறான் என்றால் அது ஓர் உத்ஸவம் என்பது உனக்குத் தெரியும். தெருவே வந்து சேவித்தது. ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய ஜனங்கள் தங்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் குறைகளையும் எழுதிக் கொடுத்து, பெருமாளிடம் சொல்லச் சொன்னார்கள். நடமாட முடியாத எதிர்வீட்டு ராகவாச்சாரியார், கட்டிலில் இருந்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி நாளைக்கு ஒரு சொம்பு கங்கை கொண்டுவந்துவிடு என்றார். மாலையும் கழுத்துமாக நான் ஸ்டேஷனுக்கு நடந்த நடையில், உள்ளே பள்ளிகொண்டிருக்கிற ரங்கநாதரே எழுந்து உட்கார்ந்து, யாரடா அது என்று கேட்டிருப்பார். உன் அம்மா உன்னைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றாள். வண்டி கிளம்பியபோது நீ கையை ஆட்டவில்லை, என் கூஜாவையே பார்த்துக்கொண்டிருந்தாய். அது உனக்கு வேண்டும் போலிருந்தது.

லால்குடியில் வண்டி நின்றது. கூஜாவில் தண்ணீர் பிடிக்க இறங்கினேன், பிடிப்பதற்குள் வண்டி போய்விட்டது. இதைத்தான் ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ராஜு, கூஜாவில் தண்ணீர் பிடிக்க இறங்குகிறவன் பெட்டியையும் படுக்கையையும் தூக்கிக்கொண்டு இறங்குவானா? வண்டி நின்றபோது எதிர்ப் பெஞ்சில் ஒருத்தர், பத்ரியில் மூச்சு முட்டிப் பாதிப் பேர் திரும்புவதில்லை என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது, இறங்கிவிட்டேன். ஹிந்தி தெரியாது, மெட்ராஸே தெரியாது. கார்டு விசில் ஊதினார், பச்சைக்கொடி ஆட்டினார், அப்போதும் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. என் மகா யாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. கழுத்தில் மாலை அப்போதும் வாடவில்லை.

அன்றே திரும்பியிருக்கலாம். சிரித்திருப்பார்கள். அதோடு, யாத்திரைக்குக் கிளம்பியவன் பாதியில் திரும்பினால் வழியனுப்பியவர்களுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை உண்டே, அது எனக்கு அன்று ரொம்பச் சௌகரியமாக இருந்தது. ஊருக்காகத்தான் திரும்பவில்லை என்று வைத்துக்கொண்டேன். பஸ் மாறிப் பஸ் மாறி உப்பிலியபுரம் போய்ச் சேர்ந்தேன். அங்கே திருச்சிக் காலேஜில் என்னோடு படித்த துரைசாமி இருந்தார். நிலக்கடலை, மரவள்ளி, கிணற்றில் பம்ப் செட், பச்சைமலை அடிவாரத்தில் ஒரு மோட்டார் கொட்டகை. மாலையும் படுக்கையுமாக நான் வரப்பில் வருவதைப் பார்த்துவிட்டு, மண்வெட்டியை ஊன்றி நின்றார். "என்ன வாத்தியாரே, பத்ரிநாத்துக்கு இது குறுக்கு வழியா?" என்றார். அப்புறம் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, காலையில் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போ என்றார். ஒரு வாரம் சிரிப்பார்கள், எட்டாம் நாள் வேறெவனாவது வழுக்கி விழுவான், அவனைப் பார்த்துச் சிரிக்கப் போய்விடுவார்கள் என்றார். நான் கேட்ட புத்திமதிகளிலேயே அதுதான் உயர்ந்தது. அதை என் புத்தகத்தில் எங்கேயும் நான் எழுதவில்லை.

அந்த மோட்டார் கொட்டகைதான் என் பத்ரிகாசிரமம். ரயில்வே டைம்டேபிள் ஒன்று, கிழிந்த அட்லஸ் ஒன்று, இரண்டு குயர் காகிதம். மாதவனைக் கிளப்பிவிட்டேன். எனக்குப் பதிலாக அவன் போகட்டும் என்று பார்த்தேன், அவனும் ஜோராகப் போனான். என்னைப் போல லால்குடியில் இறங்கவில்லை. நீ பத்து வயசில் மனப்பாடமாக ஒப்பிப்பாயே, அந்தப் பனிச்சிகரத்து விடியற்காலை, அது பச்சைமலையில் பார்த்த மூடுபனி. ஒரே ஒரு நாள் பாதி மலை ஏறினேன். அங்கே ஒரு குடிசையில் ஓர் அம்மாள் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே, பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு இங்கே என்ன பண்ணுகிறீர்கள் என்று கேட்டாள். புத்தகத்தில் அந்த அம்மாள் தாடி வைத்த ரிஷியாகிவிட்டாள். அவள் கேட்டது, 'நீ எதைத் தேடி வந்தாய்?' என்று ஆகிவிட்டது. இதற்குத்தான் ஜனங்கள் கை தட்டினார்கள். அவள் கேட்டதை அவள் கேட்டபடியே எழுதியிருந்தால் நான் அன்றைக்கே வீட்டுக்கு வந்திருப்பேன்.

இதுவரை எழுதியது எனக்குச் சுலபம். கோமாளித்தனம்தானே, கோமாளித்தனத்தை நான் எப்படியும் ரசமாகச் சொல்லிவிடுவேன். இனிமேல் எழுதப்போவதில் ரசம் ஒன்றும் இல்லை. துரைசாமி மோட்டாரின் தேய்ந்த பாகத்தைக் கடைசல் பிடிக்க அரியமங்கலம் பட்டறைக்குக் கிளம்பினார். அப்படியே ஸ்ரீரங்கம் போய், நம் தெருவில் ஓர் அந்நியன் மாதிரி நடந்து வீட்டைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். இரவு அங்கேயே தங்கிவிட்டு, நான் கிளம்பி இருபத்தைந்தாம் நாள் மத்தியானம் திரும்பி வந்தார். கையில் இருந்த இரும்பைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"உம் பையனுக்கு டைபாய்டு. ஒம்பது நாளா பெரியாஸ்பத்திரியில கெடக்கான். உன் சம்சாரம் ஒத்தையில உக்காந்திருக்கு. அவர் பத்ரியில இருக்காரு, அந்தப் புண்ணியம் புள்ளையக் காப்பாத்தும்னு தெருவுல சொல்றாங்க. கெளம்பு."

கிளம்பினேன். ஐந்து நிமிஷத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். துறையூர் பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தேன். அப்போது என்னுள்ளே இருந்த பூகோள வாத்தியார் விழித்துக்கொண்டார். இன்றைக்கு நான் எங்கே இருக்க வேண்டும்? கணக்குப்படி பத்ரியில் தரிசனம் முடித்திருக்க வேண்டும். அங்கிருந்து இறங்கி நடக்க வேண்டும், பஸ் பிடித்து ரிஷிகேசம் வர வேண்டும், அப்புறம் டெல்லி, மெட்ராஸ், ஸ்ரீரங்கம். இறக்கை கட்டிப் பறந்தாலும் எட்டு நாளுக்குக் குறைந்து முடியாது. இன்று மாலை ஆஸ்பத்திரியில் போய் நின்றால், எங்கேயிருந்து வந்தேன் என்று சொல்வது? ஏறுகிறீர்களா இல்லையா என்று கண்டக்டர் கேட்டார். அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்றேன். அந்த அடுத்த பஸ் எட்டு நாள் கழித்து வந்தது.

இதை இன்னொரு தடவை எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. நீ ஜுரத்தில் பிதற்றிக்கொண்டு கிடந்த எட்டு நாள், அரை நாள் பஸ் தூரத்தில், டைம்டேபிள் பொய்யாகிவிடக் கூடாதே என்பதற்காக நான் உட்கார்ந்திருந்தேன். துரைசாமி அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. வேளாவேளைக்குச் சோறு மட்டும் கொட்டகை வாசலுக்கு வந்தது. உன் கல்யாணப் பத்திரிகைக்குக்கூட அவர் பதில் போடவில்லை. அந்த எட்டு நாளும் நான் பேய் மாதிரி எழுதினேன். எல்லோரும் புகழ்கிறார்களே, பற்றறுத்தலைப் பற்றிய நாலு அத்தியாயங்கள், அவை அப்போது எழுதியவை. 'திரும்பிப் பார்க்கிறவன் பயணி அல்லன்' என்பது மூன்றாம் நாள் காலையில் எழுதியது. ஜன்னல் வழியாகத் திருச்சிப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் எழுதினேன். அது ஞானம் இல்லை, ராஜு. வீட்டுக்குப் போக முடியாதவன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டது.

முப்பத்து மூன்றாம் நாள், தகுந்த தாடியோடும் தகுந்த அழுக்கோடும் ஸ்ரீரங்கத்தில் வந்து இறங்கினேன். துறையூரில் ஒரு செப்புச் சொம்பு வாங்கி, பச்சைமலை ஓடையில் நிரப்பி, வாயை ஈயத்தால் அடைத்து வைத்திருந்தேன். நீ முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாய். மொட்டைத் தலை, குச்சி குச்சியாகக் கை. பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாய். உன் இடது பக்கமாக வந்து கூப்பிட்டேன், நீ திரும்பவில்லை. கோபம் என்று நினைத்தேன். அதற்குள் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். பத்ரிக்குப் போய்வந்த கால்களை யார் முதலில் பார்த்தாலும் சேவிக்க வேண்டும் அல்லவா? பதினாறு நாள் உன் கட்டிலடியில் உட்கார்ந்திருந்தவள், வாசற்படியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து என் காலில் நெற்றியை வைத்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் வலது கையை உயர்த்தி ஆசீர்வாதம் பண்ணினேன். அடுத்த வாரம் ததியாராதனை நடத்தி, தெருவையே உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு, இலைகளுக்கு நடுவே நடந்துகொண்டே அலகநந்தாவின் குளிர்ச்சியை வர்ணித்தேன்.

ராகவாச்சாரியார் அந்தத் தை மாதம் போனார். ஈயத்தை உடைத்து, நானே உத்தரணியால் மூன்று தடவை அவர் வாயில் விட்டேன். அவர் கண்ணைத் திறந்து, "போதும்டா, இனிக்கறது" என்றார். பச்சைமலைத் தண்ணீர் இனிப்புதான், அதில் பொய் இல்லை. ஆனால் அந்த மனிதர் எண்பது வருஷம் காவேரியில் குளித்தவர். ஒரு கை காவேரியை விட்டிருந்தால் போதும், அவருக்கு உரிய தண்ணீராவது கிடைத்திருக்கும். அவருடைய பிள்ளைகள் இன்றைக்கும் என்னைக் கண்டால் மரியாதையாக அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள். நான் அவர்கள் வீட்டைத் தாண்டும்போது செருப்பு அறுந்துவிட்டது மாதிரிக் குனிந்துகொண்டு போகிறேன்.

புத்தகம் வெளிவந்தது, ஊரெல்லாம் படித்தது, நான் பத்ரி மாமா ஆனேன். நீ அந்தப் புத்தகத்தின் மடியில் வளர்ந்தாய். வலது காதைத் திருப்பிக்கொண்டு நான் சொல்லும் கதைகளைக் கேட்பாய். இடது காது கொஞ்சம் மந்தம், ஜுரத்தில் போனது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நல்ல காதுக்குள்ளே நான் பொய்யை ஊற்றிக்கொண்டிருந்தேன். உனக்கு அப்போது ஓர் அப்பா தேவைப்பட்டான், நான் ஒரு மகாத்மாவைக் கொடுத்தேன். அந்த மகாத்மா சொன்னதைக் கேட்டுத்தான் இப்போது நீ ஒரு பெண்ணைப் பன்னிரண்டாம் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போகப் பார்க்கிறாய்.

ஊர் சுற்றாதே என்று நான் சொல்லவில்லை. நன்றாகச் சுற்று. நான் பார்க்காத மலையெல்லாம் நீ பார். ஆனால் பயம் வந்தால் அன்றைக்கே சொல்லிவிடு, சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். உன்னைத் தேடுகிறவர்களுக்கு நீ எங்கே இருக்கிறாய் என்று தெரிந்திருக்கட்டும். வாழ்க்கையை எப்படி வாழ வேண்டும் என்று முந்நூறு பக்கம் எழுதினவன் நான். அதில் நான் நிஜமாகத் தெரிந்துகொண்டது இந்த இரண்டு வாக்கியம்தான், அந்த இரண்டும் அந்தப் புத்தகத்தில் இல்லை. உனக்கு ஜானகி பாரமாக இருப்பாள் என்று தோன்றினால், அவளைக் கேள். அவளுக்கும் மலை பார்க்க ஆசை இருக்கலாம். நீ கேட்டாயா? நான் உன் அம்மாவைக் கேட்டதே இல்லை.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜானகி கோயிலுக்குப் போயிருந்தாள். அம்மா கூடத்தில் அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். லால்குடி என்றதும் நிமிர்ந்து பார்த்தாள், உதட்டோரத்தில் ஒரு சிரிப்புக்கூட வந்தது. கங்கைச் சொம்பைச் சொன்னபோது கை ஒரு நிமிஷம் நின்றது. பாவம் ராகவாச்சாரியார் என்று சொல்லிவிட்டு மறுபடி கொட்டை எடுக்க ஆரம்பித்தாள். துறையூர் பஸ்ஸுக்கு வந்தேன். அரிவாள்மணையை மடித்து ஓரமாக வைத்தாள்.

"லால்குடியில இறங்கினது போகட்டும். பயம் யாருக்கும் வரும். தெரிஞ்சப்புறம் எட்டு நாள் என்ன பண்ணிண்டிருந்தேள்?"

"எழுதிண்டிருந்தேன்."

"குழந்தையோட அப்பா எங்கேன்னு டாக்டர் தினம் கேப்பார். இமயமலையில இருக்கார்னு சொல்லுவேன். சொல்றச்சே எனக்குப் பெருமையா இருக்கும்." கையிலிருந்த புளியைத் தட்டில் உதறினாள். "அவனுக்குக் காது போனது அந்த எட்டு நாள்லதான்."

அதற்கப்புறம் நாலு நாள் அவள் என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வேளைக்கு இலை போட்டாள், சாதம் பரிமாறினாள், மோர் விட்டாள், நான் போதும் என்று கை காட்டினால் நிறுத்தினாள். ஐந்தாம் நாள் காலையில் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னாள். இறக்கினேன். ஜானகியைக் கூப்பிட்டு, உன் புடவைகளை எடுத்து வை, நாம் பிலாய்க்குப் போகிறோம், உன்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் அங்கே ரெண்டு மாசம் இருந்துவிட்டு வருவேன் என்றாள். நீ என்ன சொல்வாயோ என்று ஜானகி தயங்கினாள். நேரில் பார்த்து வேண்டாம் என்று சொல்லட்டும், அவன் சொல்வதை நீயும் நேரில் கேட்டுக்கொள் என்று அம்மா சொல்லிவிட்டாள். நானும் துணைக்கு வரட்டுமா என்று கேட்டேன். பெட்டியை இறக்கச் சொன்னது தவிர, அந்த நாலு நாளுக்கு அப்புறம் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்: "நீங்க இங்கயே இருங்கோ. ஆத்துல யாராவது இருக்கணும்."

ஆகவே, ராஜு, நாளை மறுநாள் அவர்கள் புறப்படுகிறார்கள். இந்தக் கடிதம் அவர்களுக்கு முன்னால் உன்னிடம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை பிலாய்க்குப் பக்கத்துத் துர்க் ஸ்டேஷனுக்கு நீ போக வேண்டும். 'உங்கள் புத்தகத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து என் வாழ்க்கையை நடத்திக்கொண்டேன்' என்று நாளைக்கு நீ என்னைக் குற்றம் சொல்லக் கூடாது, அதற்காகத்தான் எல்லாவற்றையும் எழுதினேன். பதிப்பாளர் புதுப் பதிப்புக்கு முன்னுரை கேட்டிருக்கிறார். இந்தக் கடிதத்தின் நகலைத்தான் அனுப்பப் போகிறேன். போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் புத்தகமே வேண்டாம். அது வெளிவந்தால் ஊர் சிரிக்கும். துரைசாமி சொன்ன ஒரு வாரம் இப்போது வட்டி போட்டு ஒரு வருஷமாகியிருக்கும், பரவாயில்லை. ராகவாச்சாரியார் பிள்ளைகளிடம் மட்டும் அச்சில் வருவதற்கு முன்னால் நானே போய்ச் சொல்ல வேண்டும். அதற்கு இன்னும் தைரியம் வரவில்லை. வரும்வரை காத்திருக்கப் போவதில்லை, நாளைக்குப் போகிறேன்.

இன்று காலை நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அம்மாவும் ஜானகியும் கூடத்தில் படுக்கையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா தலை நிமிராமல், நாக்பூரில் வண்டி மாற வேண்டுமாமே, அங்கே எத்தனை நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்று என்னைக் கேட்டாள். ஜானகியும் என் முகத்தைப் பார்த்தாள், அவளிடம் நான் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நாக்பூரைப் பற்றி நான் நாலு பக்கம் எழுதியிருக்கிறேன், அந்த நாலு பக்கமும் தொண்டை வரைக்கும் வந்து நின்றன.

"தெரியாது," என்றேன். "நான் அங்கெல்லாம் போனதே இல்லை."

ஜானகி கயிற்றைப் பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்து இறுக்கினாள்.

"சரி," என்றாள். "நான் பார்த்துட்டு எழுதறேன்."

உன் அப்பா